மாப்பிள்ளையை வெளியே அனுப்புதல்

நோயாளியிடம் பேசும் முறை பற்றிய வீடியோ பாடங்களையெல்லாம் ஃபெமினா போத்தனூரிலிருந்து வரும் பஸ்ஸிலேயே பார்த்து முடித்தாள். ஆன்லைன் தேர்வில் முழு மதிப்பெண். மகளிர் மருத்துவத்தில் முதலாண்டு முதுநிலை மாணவி, படிப்பில் புலிதான். ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பயிற்சி அறையில் தெரிந்துபோனது.

அங்கே நோயாளியாக நடித்தவர் விமலாராணி. அவருடைய மருமகனாக நடித்தவன் சக மாணவன் கிருபாசங்கர். ஃபெமினா எதைக் கேட்டாலும் விமலாராணி, "ஒண்ணுமில்லீங்க, சும்மா அசதிங்க" என்றார். நேரம் முடிந்தது. அந்த அம்மாளுக்குக் கர்ப்பப்பையில் புற்று, மருமகனை வெளியே அனுப்பியிருந்தால் வாயைத் திறந்திருப்பார் என்றார் பயிற்சி தந்த டாக்டர் சண்முகப்பிரியா. நடிப்பு என்பதால் விமலாராணி பிழைத்தார்.

"மாப்பிள்ளைங்களைப் போய் எப்படிங்க மேடம் எந்திரிச்சுப் போகச் சொல்றது?" என்றாள் ஃபெமினா. அறையே சிரித்தது. சிரித்தவர்களில் ஒருவருக்கும் அந்தத் துணிச்சல் கிடையாது. மாப்பிள்ளைக்கு நாற்காலி போட்டே பழகிய ஊர். உட்கார்ந்தவரை எழுப்ப யாருக்கு நாக்கு வரும்?

மறுமுறை மருந்து வாங்கி வரும்படி கிருபாசங்கரைக் கடைக்கு அனுப்பினாள். கெட்டிக்காரிதான். விமலாராணி பேச வாயெடுத்த நேரம் பார்த்து அவன், "எந்த மாத்திரைங்க?" என்று கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றான்.

"சாக்குச் சொல்லி அனுப்பினா திரும்பி வந்துருவாங்க. உள்ளதைச் சொல்லு ஃபெமினா" என்றார் சண்முகப்பிரியா. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த வாரமே வெளிநோயாளிப் பிரிவுக்கு நிஜமாகவே ஒரு மாமியாரும் மருமகனும் வந்தார்கள். உடுமலைப்பேட்டைக்காரர்கள். மருமகன் திருமலைசாமி விறைப்பாக உட்கார்ந்திருக்க, மாமியார் முத்தாத்தாள் தலை நிமிராமல், "எனக்கொண்ணுமில்லை கண்ணு. மாப்பிள்ளைதான் பயந்துபோய்க் கூட்டியாந்துட்டாங்க" என்றார்.

ஃபெமினா மனசுக்குள் கணக்குப் போட்டாள். இந்த மனுஷர் கோபித்துக்கொண்டு மாமியாரோடு கிளம்பிவிட்டால், என்ன நோயென்று தெரியாமலே போய்விடும். கேட்காமல் விட்டாலும் அதே கதிதான். வருவது வரட்டும் என்று வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க, அம்மாகிட்ட நான் தனியாப் பேசோணுங்க. நீங்க கொஞ்ச நேரம் வெளிய இருங்க."

திருமலைசாமி சட்டென்று எழுந்தார். கதவு வரை கூடவே போன ஃபெமினாவிடம் குரலைத் தாழ்த்தினார்.

"இதுக்குத்தானுங்க காத்துக்கிட்டிருந்தேன். எம்பட முன்னால அத்தை பேசமாட்டாங்க. நானா எந்திரிச்சுப் போனா, அக்கறையில்லாம போறான்னு நெனைச்சுக்குவாங்களேன்னு உக்காந்துட்டனுங்க."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, தெம்பும் வந்தது. கதவைச் சாத்திவிட்டு முத்தாத்தாளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவசரப்படுத்தவில்லை.

"தீட்டு நின்னு வருசக்கணக்காச்சு கண்ணு" என்றார் முத்தாத்தாள். "இப்ப மறுக்காப் படுது. மககிட்டக்கூடச் சொல்லலை."

"நேரத்தோட சொல்லீட்டீங்கம்மா. இன்னைக்கே டெஸ்ட் எடுத்துப் பார்த்துரலாமுங்க."

முத்தாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மாப்பிள்ளைகிட்ட நீயே சொல்லிரு கண்ணு. பாவம், உக்காராம நின்னுக்கிட்டே இருப்பாங்க."