எழுந்திருக்காத கன்னியப்பன்

வேதகிரிப் பண்ணையார் ஏரிக்கரையில் வந்தபோது கன்னியப்பன் எழுந்திருக்கவில்லை. நடந்தது அவ்வளவுதான். ஆனால் உத்திரமேரூர்ப் பக்கத்தில் அப்போதெல்லாம் அது சின்ன விஷயமல்ல. பண்ணையார் தலை தெரிந்தாலே உட்கார்ந்திருக்கிற கூலிக்காரன் எழுந்து, தோள் துண்டை இடுப்புக்கு இறக்கி, ஒதுங்கி நிற்கவேண்டும். விவரம் தெரிந்த நாளாகக் கன்னியப்பனும் அப்படித்தான் நின்றார். அன்று துண்டு மட்டும் இறங்கியது. ஆள் எழவில்லை.

பக்கத்தில் மண்வெட்டியோடு இருந்த மகன் முனிரத்தினத்துக்குக் காரணம் தெரியும். பண்ணையார் கடுகடுவென்று தாண்டிப் போனதும் கிழவர், “முட்டி பூட்டிக்கினு கீதுடா, கையைக் குடு” என்றார். தூக்கி நிறுத்தியதும், “ஒருத்தர்கிட்டயும் சொல்லாத” என்றார். வயசாகிவிட்டதை ஒப்புக்கொள்ள வெட்கப்படுகிறார் என்று மகன் நினைத்துக்கொண்டான்.

பேசாமல் இருந்திருந்தால் தொல்லையில்லை. அவனுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே! சாயங்காலம் டீக்கடையில் கூட்டாளி தாமோதரன், “இன்னாடா, உங்க நைனா பண்ணையாரைப் பாத்து எழுந்திரிக்கலையாமே?” என்று கேட்டான்.

“எதுக்கு எழுந்திரிக்கணும்? மனுசனுக்கு மனுசன் இன்னா ஒசத்தி?” என்று ஒரு போடு போட்டான் முனிரத்தினம்.

கடையே அவனைத் திரும்பிப் பார்த்தது. தாமோதரன் ஒரு டீ வாங்கிக் கொடுத்தான். கூட்டங்களில் யார் யாரோ பேசிக் கேட்ட பேச்சு தன் வாயிலிருந்து வந்ததும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்தடுத்த நாட்களில் கதைக்குக் கைகால் முளைத்தது. நைனா பண்ணையாரை முறைத்தாராம். கால்மேல் கால் போட்டாராம். மடக்கினால் நீட்ட வராத அந்தக் காலை!

இந்தப் பேச்சு பண்ணை வீட்டுக்குப் போகாமல் இருக்குமா? கன்னியப்பன் இனிமேல் மதகுப் பக்கம் வரவேண்டாம், செங்கேணி பார்த்துக்கொள்வான் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். ஏரி மதகில் இறங்கித் தண்ணீர் திறந்து, வயல் வயலாகத் திருப்பிவிடுகிற வேலை அவருடையது. அறுப்பு முடிந்ததும் அதற்காகக் களத்தில் அளந்து போடுகிற நெல்லில்தான் வீட்டில் பாதி வருஷம் அடுப்பெரியும்.

கிழவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் முனிரத்தினத்தை அறுத்தது.

“நான் போயி நெசத்தைச் சொல்லிட்டு வரேன் நைனா.”

“நீ பேசனது போதும்” என்றார் கிழவர். விடிந்ததும் தானே கிளம்பிப் போனார்.

உச்சிவெயில் வந்தும் அவர் திரும்பவில்லை. முனிரத்தினம் போய்ப் பார்த்தான். பண்ணை வீட்டு வாசலுக்கு எதிரே, எதன்மீதும் சாயாமல் நின்றுகொண்டிருந்தார். முட்டி இரண்டும் வீங்கிப் பளபளத்தன. தொடை வெடவெடவென்று ஆடியது.

“காத்தாலேர்ந்து நின்னுகினா கீற? உக்காரு நைனா.”

“உக்காந்தா, அவரு வரப்போ எழுந்திரிக்க முடியாதுடா.”

முனிரத்தினத்துக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. ஒரு டீக்கும் நாலு பேர் தலையாட்டியதற்கும் பெற்றவரை இப்படி வெயிலில் நிறுத்திவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டான்.

பண்ணையார் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வெளியே வந்தார். கன்னியப்பன் கும்பிட்டார்.

“தப்புதான் ஆண்டே. புத்தி கெட்டுப் பூடுச்சி.”

“திமிர் அடங்கிச்சா?”

“அடங்கிச்சி ஆண்டே.”

பண்ணையார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “சரி, ஒழி. நாளைக்கு மதகுக்கு வந்துடு.”

அதோடு முடிந்தது. கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் செய்யாத தப்பை நைனா தலையில் சுமப்பதை முனிரத்தினத்தால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“எங்க நைனாவுக்குத் திமிரெல்லாம் இல்ல ஆண்டே!” என்று குறுக்கே பாய்ந்தான். கிழவர் அவன் கையை இறுக்கிப் பிடித்தார். அவன் நிறுத்தவில்லை. “அன்னிக்கி முட்டி பூட்டிக்கினு எழுந்திரிக்க முடியல. தெனம் இதே பாடுதான். டீக்கடையில நாந்தான் பொய் சொன்னேன்.”

சொல்லி முடித்ததும் பாரம் இறங்கியதுபோல் மூச்சு விட்டான். பண்ணையார் முகமும் நிஜமாகவே இளகியது.

“அடப் பாவமே! முன்னாடியே சொல்லக்கூடாதா கன்னியப்பா? எழுந்திருக்கவே முடியாதவன் மதகிலே எப்படி இறங்குவே? வழுக்கி விழுந்தா அந்தப் பழி எனக்கில்ல? செங்கேணியையே வெச்சிக்கிறேன். நீ வீட்டோட கிட.” உள்ளே திரும்பி, “அந்தக் கெழவனுக்குக் கொஞ்சம் வெளக்கெண்ணெய் குடுத்தனுப்புங்க, முட்டிக்குத் தேச்சிக்கட்டும்” என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

வேலைக்காரி கொட்டாங்குச்சியில் எண்ணெய் கொண்டுவந்து முனிரத்தினத்திடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

கன்னியப்பன் மகன் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

“திமிரு புடிச்சவன்னா, கால்ல வுயிந்தா வேலை குடுப்பாங்கடா” என்றார். குரலில் கோபம்கூட இல்லை. “முட்டி போனவனுக்கு எவன் குடுப்பான்? அதுக்குத்தான் சொல்லாதன்னேன்.”

முனிரத்தினம் எண்ணெயோடு நின்றான். அதைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை. குனிந்து அவர் முட்டியைத் தொடவும் கை வரவில்லை.