அணைத்த பல்பு

என் வீட்டுக்காரர் இலியாஸுக்கு வெளிச்சம் என்றால் ஆகாது. போச்சம்பள்ளி கம்பெனியில் வாரமெல்லாம் ட்யூப்லைட்டுக்கு அடியில் நிற்கிற மனுஷன், லீவு நாளில் டெலஸ்கோப்பும் கேமராவுமாக இருட்டைத் தேடி அலைவார். என்னையும் இழுத்துக்கொண்டுதான்.

அன்று உத்தனப்பள்ளி தாண்டி முனிவேல் அண்ணன் நிலத்தில் காரை நிறுத்தியிருந்தோம். அவருடைய ராகி வயல் ஓரம் கம்பத்தில் ஒரு பல்பு விடியவிடிய எரியும். யானைக்காக. வெளிச்சம் இருந்தால் கிட்டே வராதாம்.

"அண்ணா, ஒரு மணி நேரம் அணைச்சு வைக்கட்டுமா? படம் வெளுத்துப்போவுது" என்று இவர் கெஞ்சினார்.

"யானைங்க சானமாவு காட்டுப் பக்கம் போயிடுச்சு. அணைச்சுக்கங்க பாய்" என்று சொல்லிவிட்டு அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போனார்.

இவர் கேமராவைத் தானாகப் படமெடுக்க ஓடவிட்டுவிட்டு, வயலின் அந்தக் கோடியில் இருந்த மோட்டார் ரூமுக்கு நடந்துபோய் சுவிட்சை அணைத்தார். டார்ச் எடுத்துப் போகவில்லை. கேமரா திறந்திருக்கும்போது யாரும் வெளிச்சம் காட்டக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அவருடைய போனும் என் மடியில் கிடந்தது.

லேப்டாப்பில் முதல் படம் வந்தது. கொட்டிவைத்த ராகி மாதிரி நட்சத்திரம். நடுவில் ஒரு கறுப்புத் திட்டு. அது ஓட்டை இல்லை, தூசி மேகம், பின்னால் இருக்கிற நட்சத்திரங்களை மறைக்கிறது என்று எத்தனை முறை பாடம் எடுத்திருப்பார்.

நிமிர்ந்தேன். வயலுக்கு மேலேயும் அதே மாதிரி ஒரு கறுப்பு. தூசி இவ்வளவு கீழேயா இறங்கும் என்று சிரிப்புகூட வந்தது.

அப்புறம் அது நகர்ந்தது. ஒரு பக்கம் நட்சத்திரங்கள் மறைந்தன, மறுபக்கம் திரும்ப வந்தன. ராகித் தட்டைப் பிடுங்கும் சத்தம் கேட்டது. மோட்டார் ரூமிலிருந்து வரும் வரப்பு அந்தக் கறுப்பை ஒட்டித்தான் வருகிறது. அதில்தான் இவர் வந்துகொண்டிருக்கிறார்.

கூப்பிட்டால் "என்ன தஸ்லிம்" என்று குரல் கொடுப்பார். அது திரும்பிவிடும். யா அல்லாஹ் என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு காருக்குள் ஏறினேன். சாவியைத் திருகினேன். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டேன்.

ஒற்றைக் கொம்பன். தும்பிக்கை எட்டும் தூரத்தில் இவர், அசையாமல். யானை காதை விரித்து வெளிச்சத்தைப் பார்த்தது. பிறகு அது மெதுவாகத் திரும்பி, ராகியை மிதித்துக்கொண்டு தோப்புப் பக்கம் போனது.

இவர் வந்து கார்க்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டையெல்லாம் வேர்வை.

"இருட்டுல வழியே தெரியல தஸ்லிம். அந்தப் புளியமரத்தைக் குறி வச்சுத்தான் நேரா நடந்து வந்துட்டிருந்தேன்."

அந்த வயலில் மரமே கிடையாது.