காரணம் கூறுக

குளிர்காலத்துக்கும் இங்கேயே இருந்துவிடுகிறாயா என்று நிலையத் தலைவர் கேட்டபோது நான் பனிவண்டியின் அடியில் படுத்திருந்தேன். அண்டார்டிகாவில் இருக்கிற ஆராய்ச்சி நிலையத்தில் நான் டீசல் மெக்கானிக். கோடைக்கு மட்டும் என்றுதான் வந்தேன். குளிர்காலத்துக்கென்று வந்த மெக்கானிக்கின் கை எலும்பு முறிந்துவிட்டதால் அவரைக் கப்பலில் திருப்பி அனுப்புகிறார்கள். கப்பல் கிளம்பிவிட்டால் அடுத்த கோடை வரைக்கும் இங்கிருந்து யாரும் போக முடியாது, யாரும் வரவும் முடியாது.

"கட்டாயம் எதுவும் இல்லை. நீ மாட்டேன் என்றால் உன்னோடு வேலை செய்கிற அந்த ராஜஸ்தான்காரர் இருக்கத் தயாராக இருக்கிறார். வீட்டில் பேசிவிட்டு, கப்பல் கிளம்புவதற்குள் சொல்" என்று தலைவர் இந்தியில் சொன்னார்.

எனக்கு ஊருக்குப் போக ஆசை. ஆனால் அதை வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது. பாடாலூர் ரோட்டோரத்தில் லாரிக்கு அடியில் கிடந்தவனை நம்பி இவ்வளவு தூரம் அனுப்பியிருக்கிறார்கள். வூட்டு நெனப்பு வந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? செல்வி 'வாங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் பேரைச் சொல்லிக் கப்பல் ஏறிவிடலாம் என்று இருந்தேன்.

செல்வி என் மனைவி. முழுப்பெயர் வெற்றிச்செல்வி. செந்துறைப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர். விக்கிரமங்கலத்தில் இருந்த என் தாய்மாமன் மகள். அதனால் அவளுக்கு நான் கல்யாணத்துக்கு முன்னாலும் மாமாதான், பின்னாலும் மாமாதான்.

அன்று போனில் விஷயத்தைச் சொன்னேன்.

"இருக்கச் சொல்றாங்களா? எதுவரைக்கும்?"

"அடுத்த கப்பல் வர்ற வரைக்கும்."

அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"நீங்க என்ன நெனைக்கிறீங்க மாமா?"

"நீ சொல்றதுதான்."

"ஆமா, கல்யாணம் ஆனதுல இருந்து நான் சொல்றதக் கேட்டுத்தான் எல்லாம் செய்யிறீங்க. அண்டார்டிகாவுக்குக்கூட என்னயக் கேட்டுத்தான் பொட்டியத் தூக்குனீங்க!" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "நாளைக்கும் நாளான்னைக்கும் அரியலூர்ல எங்களுக்கு டிரெயினிங். செயற்கை நுண்ணறிவாம். பாடம் எழுதுறது, கேள்வி எடுக்குறது, படம் போடுறது எல்லாம் அதுவே செய்யுமாம். முடிச்சிட்டு வந்து சொல்றேன்."

"எல்லாம் அதுவே செஞ்சா நீ என்னா செய்வ?"

"ம்... உங்களோட சண்ட போடுவேன். அது அதுக்கு வராது."

மறுநாள் சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். வணக்கம்கூட இல்லை.

"மாமா, அந்த ஏரிக்கு இன்னும் போறீங்களா?"

எந்த ஏரி என்று கேட்க வேண்டியதில்லை. நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஏரி, மேலே முழுக்கப் பனி மூடிக் கிடக்கும். புனேயிலிருந்து வந்த தேவயானி மேடம் அந்த ஏரியில் உள்ள வைரஸ்களை ஆராய்கிறார். நான் வண்டி ஓட்டிப் போய், துளைக்கும் மெஷினைக் கிளப்பிப் பனியில் ஓட்டை போடுவேன். அவர் பாட்டிலைக் கயிற்றில் கட்டி இறக்கித் தண்ணீர் எடுப்பார். ஒரு சொட்டுத் தண்ணீரில் லட்சக்கணக்கில் வைரஸ் இருக்கிறதாம் என்று நான்தான் முன்பு ஒரு நாள் செல்வியிடம் வேடிக்கையாகச் சொல்லியிருந்தேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் அப்பா அய்யம்பெருமாள், என் மாமன், கொரோனாவில் போனவர். வைரஸ் என்றால் அவளுக்கு அது ஒன்றுதான்.

"இன்னைக்கு டிரெயினிங்ல, 'உங்களுக்குத் தோணுன கேள்விய டைப் பண்ணுங்க'ன்னாங்க. எல்லாரும் ஒளிச்சேர்க்கை, சோழர் காலம்னு கேட்டாங்க. நான் இதக் கேட்டேன். என் வூட்டுக்காரர் அண்டார்டிகா ஏரியில தண்ணி எடுக்குற எடத்துல இருக்காரு, அந்த வைரஸால என்ன ஆபத்துன்னு."

"என்னா சொல்லுச்சு?"

"ஏழு ஆபத்து சொல்லுச்சு மாமா. வரிசையா நம்பர் போட்டு. பனிக்குள்ள ரொம்ப வருஷம் தூங்குன வைரஸ் முழிச்சிக்கலாமாம். மனுச உடம்புல அதுக்கு எதிர்ப்பே இருக்காதாம்." அவள் மூச்சு வாங்குவது கேட்டது. "வேணாம் மாமா. கெளம்பி வந்துருங்க."

நான் காத்திருந்த வார்த்தை வந்துவிட்டது. சரி என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஆனால் அவள் அழுகிற குரலில் அல்லவா கூப்பிடுகிறாள்? இப்படி ஏறினால் நான் ஊர் வந்து சேருகிற வரைக்கும் அவள் தூங்கமாட்டாள். வந்த பிறகும் நான் ஒரு முறை இருமினால் போதும், எழுந்து உட்கார்ந்துகொள்வாள்.

"மொதல்ல மேடத்தக் கேக்குறேன். மிஷின் சொல்றது இருக்கட்டும், தெனமும் அந்தத் தண்ணியில கை வைக்கிறவங்க சொல்லட்டும். சாப்புட்டுத் தூங்கு" என்றேன்.

சாப்பாட்டு மேஜையில் தேவயானி மேடத்திடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். அந்த ஏரியில் மீன் கிடையாது, தவளை கிடையாது. பாசியும் பாக்டீரியாவும் அதுபோன்ற பொடி உயிர்களும்தான். அங்கே இருக்கிற வைரஸ்களில் பெரும்பாலானவை இவற்றைப் பிடித்துத்தான் பிழைக்கின்றன. ஒவ்வொரு வகை வைரஸுக்கும் ஒட்டிக்கொள்ள அதற்கென்று ஏற்ற உயிர் வேண்டும். பாக்டீரியாவைப் பிடிக்கிறது மனிதன் உடம்பில் விழுந்தால் அதற்குப் பிழைப்பு இல்லை. வைரஸ் உடைத்த பாக்டீரியாவின் சத்து தண்ணீரில் கலந்து மற்றதுக்குச் சாப்பாடாகிறது. வேறு ஒரு அண்டார்டிகா ஏரியில், பாசியைக் கொல்லும் வைரஸையே இன்னொரு சின்ன வைரஸ் அடக்கி வைப்பதைக்கூடக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றார்.

"அப்படியென்றால் கையுறை எதற்கு?" என்று கேட்டேன்.

"நம்ம கை அழுக்கு ஏரிக்குப் போகக்கூடாது என்று. ஏரிதான் நம்மைப் பார்த்துப் பயப்பட வேண்டும்" என்றார்.

அத்தனையையும் எனக்குத் தெரிந்த தமிழில் குரல் பதிவாகப் பேசிச் செல்விக்கு அனுப்பினேன். கேட்டுவிட்டாள் என்று வாட்ஸ்அப்பில் நீலக் குறி விழுந்தது.

மறுநாள் மதியம் வீடியோ அழைப்பு வந்தது. படம் விட்டு விட்டுத்தான் வந்தது. ஒரு பெரிய ஹால், ஃபேன்கள், நிறைய டீச்சர்கள். செல்வி முன்னால் நின்றுகொண்டிருந்தாள், போனை யாரோ பிடித்திருந்தார்கள்.

"அண்ணே, நான் தனம். செல்வி கூட வேல பாக்குறேன். கட் பண்ணிராதீங்க. உங்க ஏரியத்தான் பாடமா நடத்தப் போறா."

ஒரு இளைஞன் மைக்கில் பேசினான். பயிற்சி கொடுக்க வந்த ரஞ்சித்குமார் அவன்தான் என்று தனம் சொன்னாள்.

"நேத்து செல்வி மேடம் 'என்ன ஆபத்து'ன்னு கேட்டாங்க. அது வேற என்ன செய்யும், ஆபத்தாத் தேடித் தேடிக் குடுத்துச்சு. பயந்து கேட்டா பயமுறுத்தும். அதனால கேள்விய மாத்திக் கேக்கணும், வந்த பதிலத் தெரிஞ்சவங்ககிட்டச் சரிபாக்கணும். மேடம் சரிபாக்குறதுக்கு அண்டார்டிகாவுல இருந்தே ஆள் புடிச்சிட்டாங்க."

ஹால் கை தட்டியது. எனக்குக் காது சூடானது.

செல்வி ஆரம்பித்தாள். முதலில் குரல் கம்மியது, பிறகு சரியாகிவிட்டது. அவள் வகுப்பெடுப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை.

"எங்க வூட்டுக்காரர் அனுப்புன பேச்ச ராத்திரி திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒவ்வொரு வைரஸுக்கும் அதுக்குன்னு ஒரு உயிருன்னு சொன்னாரு. அப்பத்தான் எனக்குத் தோணுச்சு. எங்க அப்பா பருத்தி போடுவாரு. காய்ப்புழு வந்தா என்.பி.வி. கரைசல் அடிப்பாரு. அதுவும் வைரஸ்தான! நான்தான் அதுல கலக்குறதுக்கு வெல்லத்தக் கரைச்சிக் குடுப்பேன். பாதி வெல்லம் என் வாய்க்குத்தான் போவும். நாலஞ்சு நாள் கழிச்சிப் பாத்தா புழுவெல்லாம் செடி நுனியில தலகீழாத் தொங்கும். புழு செத்துச்சு. அப்பாவுக்கு ஒண்ணும் ஆவல, எனக்கும் ஒண்ணும் ஆவல."

"ஆமா, எங்க வூட்லயும் அடிச்சோம்" என்று இரண்டு மூன்று குரல்கள்.

"அதனால இன்னைக்கு வேற மாதிரி கேட்டேன். 'ஏழாம் வகுப்புப் புள்ளைங்களுக்கு, பருத்திக்காட்டு வைரஸையும் பனி ஏரி வைரஸையும் வச்சி ஒரு கதை எழுது. படமும் போடு'ன்னு."

திரையில் வந்ததை அவளே வாசித்தாள். படத்தில் ஏரிக்கரையில் ஒரு பனிக்கரடி நின்றிருந்ததாம்.

"மாமா, அங்க பனிக்கரடி இருக்கா?"

"கரடியெல்லாம் வடக்க. இங்க பென்குயின்தான்" என்று கத்தினேன். ஹால் சிரித்தது.

அவள் மேலே வாசித்தாள். "'சூரியன் உச்சிக்கு வந்ததும், விவசாயி முருகன் உற்சாகமாக வைரஸ் கரைசலைத் தெளிக்கத் தொடங்கினார்.'"

அவ்வளவுதான். ஹாலில் ஒரே கூச்சல்.

"யோவ் மிஷினு! உச்சி வெயில்ல அடிச்சா வைரஸ் செத்துப் போயிருமேய்யா! சாயங்காலந்தான் அடிக்கணும்!" என்று ஒரு பெரிய குரல் மேலே எழுந்தது. வைத்திலிங்கம் சார், அடுத்த வருஷம் ரிட்டயர்டு, பாடாலூர்ப் பக்கம் பருத்தி போடுகிறவர் என்று தனம் போனில் மெதுவாகச் சொன்னாள்.

"முருகன் கூலிக்கு வந்த ஆளா இருக்கும் சார், காடு அவரோடது இல்ல" என்றார் ஒருவர்.

ரஞ்சித்குமார் அந்தத் தப்பை டைப் செய்தான். உடனே பதில் வந்தது. மன்னிக்கவும், நீங்கள் சொல்வது சரி, மாலையில்தான் தெளிக்க வேண்டும் என்று.

"என்னா வேகமா மன்னிப்புக் கேக்குது! நான் என் பொண்டாட்டிகிட்டகூட இப்புடிக் கேட்டதில்ல" என்றார் வைத்திலிங்கம் சார்.

"அதக் கத்துக்கிட்டுப் போங்கன்னுதான் சார் உங்களக் கூப்புட்டிருக்காங்க" என்றாள் தனம். போன் குலுங்கிப் படம் நின்றுபோனது. சிரிப்புச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் வந்து, அதுவும் நின்றது.

சாயங்காலம் அரியலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பேசினாள். பின்னால் ஹாரன் சத்தம். யாரோ வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டு போனார்கள்.

"பாடம் எப்புடி மாமா?"

"நல்லா இருந்துச்சு டீச்சர். ஏழாவதுல நீ எனக்கு எடுத்திருந்தா நான் மெக்கானிக் ஆயிருக்க மாட்டேன்."

"ஏழாவதுல நான் உங்களுக்குப் பாடம் எடுக்கணும்னா நான் இப்ப கெழவி." சிரித்தாள். "பயம் போச்சு மாமா. அப்பா நெனப்புதான் வந்துச்சு, ஆனா வெல்லத்தோட வந்துச்சு."

அவளுக்கு நிம்மதி என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் திரும்பிப் போவதற்கு இருந்த ஒரே காரணத்தை நானே மேடத்திடம் கேட்டு வந்து அடைத்துவிட்டேன்.

"அப்ப சரி" என்றேன். "இருந்துட்டே வரேன்னு சொல்லிர்றேன்."

"நான் எப்ப இருக்கச் சொன்னேன்?"

"பயம் போச்சுன்னியே."

"வைரஸ் பயம் போச்சுன்னேன்."

ஒரு பஸ் உறுமிக்கொண்டு போனது.

"இல்ல செல்வி, தலைவர் கேப்பாரு. என்னா காரணம்னு சொல்றது?"

"நானும் ரெண்டு நாளா அதத்தான் தேடுனேன். வைரஸ் கெடச்சிச்சு, அப்பாடான்னு இருந்துச்சு. அதுவும் போச்சு. மிஷின்கிட்டகூடக் கேட்டேன், அவர வரச் சொல்லவா வேணாமான்னு. நன்மை, தீமைன்னு ரெண்டு பக்கமாப் பிரிச்சி அழகாக் கட்டம் போட்டுக் குடுத்துச்சு. மூடி வச்சிட்டேன்." பிறகு டீச்சர் குரலில் சொன்னாள். "பரிட்சையில 'காரணம் கூறுக'ன்னு கேப்போம் மாமா. 'இலை பச்சையாக உள்ளது, காரணம் கூறுக.' பதில் தெரியாத புள்ளைங்க வெத்தாவும் விட மாட்டாங்க. 'இலை பச்சையாக இருப்பதால் இலை பச்சையாக உள்ளது'ன்னு எழுதி வச்சிட்டு வருவாங்க. நானும் அப்புடித்தான் எழுதப்போறேன். நீங்க வரணும். ஏன்னா, நீங்க வரணும்."

"அதுக்கு மார்க் போடுவியா?" என்று மட்டும் கேட்டேன்.

"புள்ளைங்களுக்கு முட்டைதான் போடுவேன். உங்களுக்குப் பாக்கலாம். நீங்க என்ன எழுதுறீங்க, சொல்லுங்க. 'நீ சொல்றதுதான்'னு சொன்னீங்கன்னா போன வச்சிருவேன்."

"எனக்கும் வரணும் செல்வி. மொத நாளே சொல்லியிருக்கணும், வெக்கமா இருந்துச்சு."

"அட லூசு மாமா" என்றாள். அப்படிச் சொன்னபோது அவள் அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. "செந்துறை பஸ் வந்துருச்சு. எடம் புடிக்கணும், வைங்க."

அன்றே தலைவர் அறைக்குப் போய், கப்பலில் கிளம்புகிறேன், ராஜஸ்தான்காரரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.

"வீட்டில் ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார்.

"ஒன்றும் இல்லை சார். கூப்பிடுகிறார்கள். எனக்கும் போக வேண்டும்."

அவர் என்னைக் கொஞ்சம் பார்த்தார். பிறகு ராஜஸ்தான்காரருக்கு ஜெனரேட்டரை ஒழுங்காகக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போ என்று மட்டும் சொன்னார்.

அறைக்குத் திரும்பும்போது செல்வியிடமிருந்து குரல் பதிவு வந்திருந்தது. பஸ் இரைச்சலுக்கு நடுவில் கத்திப் பேசியிருந்தாள்.

"மாமா, எதுக்கும் கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி கைய நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டு ஏறுங்க. பயமெல்லாம் இல்ல. சும்மாதான் சொல்றேன்."