நெற்றியில் விட்ட இடம்

ஜேர்மனியில், டிரெஸ்டன் நகரத்தில் கிழமைக்கு இரண்டு நாள் நான் துப்புரவு செய்யப் போகும் வீடு, கொர்னேலிஸ் என்ற ஒல்லாந்துக்கார ஓவியருடையது. எழுபத்தெட்டு வயது. கடலோரத்தில் பிறந்தவர், ஆனால் அவர் வரைந்த கடலெல்லாம் சிவப்பு. பெற்ற தாய்க்கே பச்சை முகம் வைத்தவர். கண்ணில் கண்டதை அல்ல, மனதில் பட்டதைத்தான் வரைவாராம். தூரிகை அவருக்கு ஆகாது. குழாயிலிருந்து நிறத்தைப் பிதுக்கிக் கத்தியால் அப்புவார். நிலத்தில் காய்ந்ததைச் சுரண்டுவது என் பாடு.

மாசியில் என்னை வரையக் கேட்டார். ஐந்து நாள் ஜன்னலடியில் இருந்தேன். படம் கண்காட்சிக்குப் போவதற்குச் சம்மதம் என்று என் கையெழுத்து வேண்டுமாம். முதலில் பார்க்கிறேன் என்று மகள் ஆதிரையையும் கூட்டிக்கொண்டு போனேன்.

முகம் மஞ்சள், கழுத்து நீலம். அதெல்லாம் பரவாயில்லை, அவருடைய கூத்து எனக்குப் பழகிவிட்டது. ஆனால் நெற்றி நடுவில் நிறமே இல்லை. வெறும் கான்வாஸ் துணி தெரிந்தது.

என் கணவர் முள்ளிவாய்க்காலில் காணாமல் போனவர். செத்துவிட்டார் என்று ஒருவரும் சொல்லவில்லை, இருக்கிறார் என்றும் சொல்லவில்லை. அதனால் நான் ஒருநாளும் பொட்டில்லாமல் வெளியே இறங்கியதில்லை. கோயிலில் சில பெண்கள் முதலில் என் நெற்றியைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார்கள். இந்தப் படத்தைக் கண்டால், கமலநாயகி கடைசியில் ஒத்துக்கொண்டுவிட்டாள் என்றல்லவா கதைப்பார்கள்?

கோபமாகத்தான் கேட்டேன். ஐந்து நாளும் பொட்டோடுதானே இருந்தேன், கண்ணில் படவில்லையா என்று. அவர் தலையைக் குனிந்துகொண்டு கத்தியைத் துடைத்தார். மூன்று தடவை வைத்தாராம், மூன்று தடவையும் சுரண்டி எடுத்தாராம்.

"அந்த இடத்துக்கு என்ன நிறம் என்று உங்கள் முகம் எனக்குச் சொல்லவில்லை."

இந்த மனிதரிடம் என் கதையில் ஒரு சொல்கூட நான் சொன்னதில்லை. ஆதிரை சொல்லியிருப்பாளோ என்று திரும்பினேன். அவள் இல்லையென்று தலையாட்டினாள். அப்படியென்றால் இவருக்கு எப்படித் தெரியும்? அல்லது ஒன்றும் தெரியாமல் சும்மா விட்ட இடமா? எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

அப்படியானால் நீங்களே பொட்டை வையுங்கள் என்று அவர் சொல்லி, சிவப்பை என் மோதிரவிரலில் பிதுக்கினார்.

படத்துக்கு முன்னால் போய் நின்று விரலைத் தூக்கினேன். தினமும் காலையில் யோசிக்காமல் செய்கிற வேலைதான். கை பாதியில் நின்றுவிட்டது. வைக்கவும் மனம் வரவில்லை, எடுக்கவும் மனம் வரவில்லை. நிறம் விரலிலிருந்து மெல்லச் சரிந்து நிலத்தில் விழுந்தது.

ஆதிரை கிட்ட வந்தாள். தகப்பன் போகும்போது அவளுக்கு மூன்று வயது. இத்தனை வருடத்தில் ஒருநாளும் கேட்காததைக் கேட்டாள்.

"உண்மையா நீங்கள் என்னம்மா நினைக்கிறியள்? அப்பா இருக்கிறாரோ?"

"தெரியேல்லைப் பிள்ளை," என்றேன். "எனக்கு ஒருநாளும் தெரியேல்லை."

சொன்ன பிறகுதான் அது என் வாயிலிருந்து வந்தது என்று விளங்கியது. நெற்றியை அப்படியே விடச் சொல்லிவிட்டுக் கையெழுத்து வைத்தேன்.