சிவப்புப் பொட்டு இல்லாத தோட்டா

அன்று மைதானத்தில் இருந்தவர்கள்: கிளப் செயலாளர் விஜயபாஸ்கர். நடுவர் பாலசுப்பிரமணியம். தோட்டாவில் மருந்தடைத்துக் கெட்டிக்கும் பிரசாத். அவன் மனைவி சரிதா, போட்டியில் சுடுபவள். இத்தலாரிலிருந்து வந்திருந்த அம்சவேணி, அவளும் சுடுபவள். பிறகு நான். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு இதில் வேலை இல்லை.

அரவேணுவுக்கு மேலே, தேயிலை முடிகிற இடத்தில், மூன்று பக்கமும் மண்மேடாக உள்ள பள்ளம்தான் எங்கள் மைதானம். ஆண்டுக்கு ஒருமுறை அங்கே கௌபாய் போட்டி நடக்கும். விஜயபாஸ்கர் வெளிநாட்டில் எஸ்டேட் வேலையில் இருந்தபோது பழகிக்கொண்டு வந்தது. தொப்பி கட்டாயம். இடுப்பில் தோட்டா வார் கட்டாயம். ஆளுக்கொரு பட்டப்பெயரும் வைத்துக்கொள்ள வேண்டும். இரட்டைக்குழல் துப்பாக்கி, பித்தளைத் தோட்டா, உள்ளே கருமருந்து மட்டும். வரிசையாகத் தொங்கும் இரும்புத் தட்டுகளை இரண்டிரண்டாகச் சுட்டு, குழலை மடக்கித் திறந்து, மறுபடி இரண்டு தோட்டா போட்டு, கடிகாரத்தோடு போட்டி போட வேண்டும்.

கருமருந்தின் புகை வெள்ளையாக, கெட்டியாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு வரும். வேறு ஊரில் காற்று அதைக் கொண்டுபோய்விடும். இங்கே பனி மஞ்சோடு சேர்ந்து நின்ற இடத்திலேயே நிற்கும். இரண்டு முறை சுட்டபின் தட்டு கண்ணுக்குத் தெரியாது. அது இருந்த இடத்தை நினைவில் வைத்துத்தான் சுட வேண்டும். பட்டதா இல்லையா என்பதைக் காது சொல்லும்.

கெட்டிக்கும் அறை மேட்டின் பின்னால் தனியாக இருக்கிறது. மரத் தரை, மர மேசை. ஹீட்டர் கிடையாது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உள்ளே போகக்கூடாது, கழற்றும்போது பொறி பறக்கும். எனவே பிரசாத் டிசம்பர் குளிரிலும் பருத்திச் சட்டையோடு உட்கார்ந்து விரல் மரத்துப்போகக் கெட்டிப்பான். அறைக்குக் காவல் நான். தேயிலை ஃபேக்டரி நைட் ஷிப்டை விட்டபின் எனக்குக் கிடைத்த வேலை இது. இதில் பேச்சு குறைவு, அதனால் பிடித்திருக்கிறது.

யாருக்காவது சுடும்போது தோளில் விழும் உதை குறைவாக வேண்டுமென்றால் மருந்தைக் குறைத்துக் கெட்டிப்பதும் உண்டு. தோட்டாவுக்குள் காலி இடம் விடக்கூடாது என்பதால் குறைத்த இடத்தை உப்புமா ரவை போட்டு நிரப்புவார்கள். அப்படிக் கெட்டித்த தோட்டாவின் அடியில் சிவப்புப் பொட்டு வைக்க வேண்டும். பொட்டு வைத்த தோட்டாவில் யாரும் சுடலாம். அது பயிற்சி. போட்டிக் கணக்கில் வராது.

சரிதாவுக்குப் போட்டிக் கணக்கு தேவைப்பட்டது. போன வருஷம் இதே மாதம் அவள் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வலது மார்பை எடுத்துவிட்டார்கள். அக்குள் வரைக்கும் தையல்; ஆறாமல், இந்த வருஷமும் அதைப் பிரித்து மறுபடி போட்டார்கள். தொடர்ந்து இரண்டு வருஷம் போட்டியில் சுடாதவர் பெயரைக் கிளப்பிலிருந்து எடுத்துவிடுவது எங்கள் விதி. பெயர் போனால் கிளப்பின் சான்று போகும். சான்று போனால் லைசென்ஸ் போகும், துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டியதுதான். அவளுடைய அப்பா வாங்கிக்கொடுத்த துப்பாக்கி அது. அவளுக்கு வேறு எதிலும் அத்தனை பிடிப்பு இருந்து நான் பார்த்ததில்லை. துப்பாக்கியின் கட்டை வந்து முட்டும் இடமும் தையல் முடிகிற இடமும் ஒன்றுதான். இடது தோளில் வைத்துப் பார்த்தாள், சரிவரவில்லை. அவளுக்கு வலது கண்ணில்தான் குறி வரும்.

போட்டிக்கு ஒரு வாரம் முன்னால், அறை வாசலில் நின்று பிரசாத்திடம் சொன்னாள். நானும் அங்கே இருந்தேன்.

"எல்லாருக்கும் என்ன போடறீங்களோ அதே எனக்கும் போடுங்க. குறைக்காதீங்க."

"டாக்டர் பார்த்துப் பண்ணச் சொன்னாரில்ல?"

"பார்த்துத்தான் பண்ணப்போறேன். போடுவீங்களா மாட்டீங்களா?"

"போடறேம்மா," என்றான் பிரசாத்.

போட்டியன்று காலையிலிருந்தே மஞ்சு. அம்சவேணி முதலில் சுட்டாள். கேரட் போடுகிறவள், பன்றி விரட்ட லைசென்ஸ் வைத்திருப்பவள். சேலைக்கு மேல் ஜெர்க்கின், அதற்கு மேல் தோட்டா வார், தலையில் முக்காடு, முக்காட்டின் மேல் தொப்பி. பட்டப்பெயர் கேரட் ராணி.

"ஏனுங் சார், தட்டு எங்கீங்க இருக்குது? போன வருஷமும் இங்கதான தொங்குச்சு?" என்று நடுவரைக் கேட்டாள்.

"அங்கயேதான் இருக்குது. நீங்கதான் தள்ளி நிக்கறீங்க."

"நான் தள்ளி நின்னா பன்னி ஓடும், தட்டு ஓடுமா?"

சுட்டாள். பள்ளம் அதிர்ந்தது. தட்டுகள் ஒவ்வொன்றாக 'டங்' என்றன. இரண்டு தட்டு பேசவில்லை. "அதுக ரெண்டும் காது கேக்காததுக" என்று சொல்லிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்து சரிதா. பட்டப்பெயர் கேட்டால் "சரிதான்னே கூப்பிடுங்க" என்பாள். நடுவர் கடிகாரத்தை அழுத்தினார்.

முதல் இரண்டும் வெடித்தன. இரண்டு தட்டும் பேசின. ஆனால் சத்தம் சிறுத்திருந்தது. என் பக்கத்தில் இருந்த அம்சவேணி தலையைச் சாய்த்தாள்.

"என்ன தம்பி, அடுத்த ஊட்டுல வெடிச்ச மாதிரி இருக்குது?"

புகையும் மெலிந்திருந்தது. சரிதா சுட்ட பிறகும் எனக்குத் தட்டு மங்கலாகத் தெரிந்தது. சரிதாவின் முகத்தைப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வரவேண்டிய வலி வரவில்லை. அது அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் கடிகாரம் ஓடுகிறது. குழலை மடக்கி, காலி உறைகளை எறிந்து, புதிதாக இரண்டு போட்டாள். சுட்டாள்.

'தொப்' என்றது. ஈரத் துணியைத் தரையில் போட்ட மாதிரி. தட்டு பேசவில்லை.

கடிகாரம் ஓடும்போது அநேகம் பேர் இதைக் குறி தவறியதாக நினைத்து அடுத்ததைப் போடுவார்கள். சரிதா விரலை எடுத்தாள். குழலை மண்மேட்டை நோக்கிப் பிடித்தபடியே, தாமதித்து வெடிக்குமோ என்று கொஞ்ச நேரம் காத்தாள். பிறகு மடக்கித் திறந்து, இரண்டு தோட்டாவையும் வெளியே எடுத்து, துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். அவளுக்குரிய நேரம் முடிந்தது.

பாலசுப்பிரமணியம் அருவங்காட்டில் வெடிமருந்து ஃபேக்டரி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் பதறாதவர். மரக்குச்சியை எடுத்து வலது குழலின் வாய் வழியாக விட்டார். பாதியில் நின்றது. தட்டினார். கொஞ்சம் கொஞ்சமாகப் பின்பக்கம் வந்து விழுந்தது: அட்டை வில்லை, ஈயக் குண்டுகள், அவற்றோடு ஒட்டிக்கொண்டு கருகிய கட்டி ஒன்று. உள்ளங்கையில் வைத்து நசுக்கிப் பார்த்தார்.

"ரவை. நீர் கோத்துக் கட்டியாப் போயிருக்கு. மருந்தும் நமுத்துருச்சு."

மலைக்குளிரில் ஒரு வாரம் மூடி வைத்தாலும் ரவை ஈரத்தை இழுக்கும். இங்கே உப்பு டப்பாவே தண்ணீர் விடுகிறது. பொட்டு வைத்த தோட்டாக்களை அன்றன்றைக்குக் கெட்டிப்பது அதனால்தான். பிரசாத்துக்கு அது தெரியும். மற்றவர்களுடையதோடு சேர்த்து முன்கூட்டியே கெட்டித்தால்தான் சந்தேகம் வராது என்று நினைத்திருக்கிறான். அடைப்பு இருந்த குழலில் அவள் இன்னொரு தோட்டாவைப் போட்டிருந்தால் குழல் கிழிந்திருக்கும். இடது கை குழலுக்கு அடியிலும், முகம் அதற்குப் பக்கத்திலும் இருந்திருக்கும்.

வெளியே எடுத்த தோட்டாக்களை நடுவர் திருப்பிப் பார்த்தார். பொட்டு இல்லை.

விஜயபாஸ்கர் பிரசாத்தைக் கூப்பிட்டார். வேடிக்கை பார்ப்பவர்களைத் தேநீர் பக்கம் போகச் சொன்னார். மேசையைச் சுற்றி நாங்கள் ஆறு பேர் நின்றோம்.

விதியை நடுவர் சொன்னார். அவர் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "சுடறவங்க கேட்டு, பொட்டு வெக்காம குறைச்சுக் கெட்டிச்சிருந்தா, சுடறவங்க போட்டியில இருந்து வெளிய. கெட்டிக்கறவரு தானாப் பண்ணியிருந்தா அவரு இனி அந்த ரூமுக்குள்ள போகக்கூடாது. சுடறவங்களுக்கு மறுவாய்ப்பு உண்டு. சரிதா, நீங்க கேட்டீங்களா?"

பிரசாத் அவளைப் பார்த்தான். அவனுக்கு வேறு வேலை இருக்கிறது, மிஷின் ரிப்பேர் கடை. ஆனால் சுற்று வட்டாரத்தில் அவனைத் தோட்டாக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் அவனுக்கு வேண்டியிருந்தது.

விஜயபாஸ்கர் குரலைத் தாழ்த்தினார். "சரிதா, நீங்க கேட்டதா இருந்தா இது நமக்குள்ள முடிஞ்சுரும். இல்லைன்னா ரூம் மேலயே தப்பு வரும், நான் மேலிடத்துக்குப் பதில் சொல்லணும். உங்க சான்றுக்கு அப்புறமா ஏதாவது பார்க்கலாம்."

"என்னத்தப் பார்ப்பீங்க?" என்றாள் அம்சவேணி.

"நீங்க சும்மா இருங்க."

"சும்மாதானுங்க இருக்கேன். என்னத்தப் பார்ப்பீங்கன்னு கேட்டேன், அவ்வளவுதான்."

அவர் பார்வையைச் சரிதாவிடம் திருப்பிக்கொண்டார்.

சரிதா புருஷனிடம் திரும்பினாள். "எத்தன தோட்டால பண்ணுனீங்க?"

"எல்லாத்துலயும்."

"ஏனுங்க?"

"உனக்கு வலிக்கும்."

"வலிக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"தையல் விட்டுப்போச்சுன்னா? மறுபடி அந்த ஆஸ்பத்திரி வராண்டால நான் உக்காரணுமா?" அவன் அவளுடைய தோளைப் பார்த்தான். "சொன்னா நீ வேண்டாம்னிருப்பே."

"ஆமா. வேண்டாம்னிருப்பேன். அதனாலதான சொல்லல?"

நைட் ஷிப்டில் ஒருவன் மெஷின் ஓரம் தூங்கினால் பக்கத்தில் இருப்பவன் எழுப்பமாட்டான். பாவம், தூங்கட்டும் என்பான். அதை அன்பு என்றுதான் சொல்வார்கள். ஒருநாள் தூங்கினவன் கை ரோலருக்குள் போகும். இதை நான் அங்கே சொல்லவில்லை. யாரும் என்னைக் கேட்கவும் இல்லை.

சரிதா நடுவரைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"நான் கேக்கல. முழுசாப் போடச் சொன்னேன். கீர்த்தியும் அப்ப இருந்தாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"சொன்னாங்க" என்றேன்.

விஜயபாஸ்கர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

மறுவாய்ப்புக்குத் தோட்டா வேண்டும். அறையில் மிச்சம் இருந்ததைத் தொட சரிதா மறுத்துவிட்டாள். அம்சவேணி தன் இடுப்பு வாரை அவிழ்த்து நீட்டினாள்.

"இந்தா கண்ணு. இதுல மிச்சம் இருக்குது. எனக்கு அவரு முழுசாத்தான் போட்டிருக்காரு, தோளக் கேட்டுப் பாரு. எனக்குப் பரிதாபப்பட யாரு இருக்கா?"

யாரும் சிரிக்கவில்லை. பிரசாத் தலையைக் குனிந்துகொண்டான்.

நடுவர் அந்தத் தோட்டாக்களில் இரண்டைப் பிரித்துப் பார்த்தார். முழு மருந்து, காய்ந்த மருந்து. துப்பாக்கிக் குழலைத் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்து, சரி என்றார். கடிகாரத்தை அழுத்தினார்.

முதல் சூட்டில் சரிதாவின் உடம்பு முழுக்கப் பின்னால் போய் வந்தது. வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, வெடிச்சத்தம் அதை மூடிவிட்டது. இரண்டாவது. புகை அவளை மறைத்தது. குழல் மடங்கும் ஓசை, உறைகள் விழும் ஓசை, மறுபடி இரண்டு. இடையில் ஒருமுறை நீண்ட இடைவெளி விழுந்தது. பிரசாத் ஓரடி முன்னால் வைத்தான். அம்சவேணி கையை நீட்டி அவன் மார்பில் வைத்து நிறுத்தினாள். மறுபடி வெடித்தது. தட்டுகள் சில பேசின, சில பேசவில்லை. கடைசித் தட்டு பேசவில்லை.

புகைக்குள்ளிருந்து வெளியே வந்தபோது அவள் முகத்தில் கரி, உதட்டில் பல் பதிந்த ரத்தம். வலது கையைத் தூக்க முடியவில்லை. இடது கையால் துப்பாக்கியை மேசையில் வைத்தாள். கடைசி இடம்தான் கிடைத்தது. நடுவர் கணக்கில் சேர்த்தார். சான்றில் விஜயபாஸ்கர் அங்கேயே கையெழுத்துப் போட்டார், அவளைப் பார்க்காமல்.

அம்சவேணி அவளைப் பெண்கள் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சட்டையை விலக்கிப் பார்த்தாள். தையல் விடவில்லை. நீலம் பாரித்து வீங்கியிருந்தது. "வெந்நி ஒத்தடம் குடு, ஒரு வாரத்துக்குப் பாத்திரம் கழுவாதே, அவரக் கழுவச் சொல்லு" என்று சொல்வது வெளியே கேட்டது.

பிரசாத்தைக் கெட்டிக்கும் அறைக்கு நான்தான் கூட்டிப்போனேன். அவனுடைய பொருள்களை எடுத்துக்கொள்ள வேண்டும். பழக்கத்தில் வாசலில் ஸ்வெட்டரைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போனான். மர அளவைக் குப்பி, சின்னத் தராசு, விரித்து உட்காரும் சாக்கு. அதிக நேரம் ஆகவில்லை. மேசையை ஒருமுறை துடைத்தான்.

"கீர்த்தி, அவ அப்படிச் சொல்லலைன்னு நீ சொல்லியிருக்கலாம்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை.

"சொல்லியிருக்கலாம்."

"அவ என்கூடத்தான் ஊட்டுக்கு வருவா, இல்ல?"

"வண்டி பக்கத்துலதான் நிக்கறாங்க."

எட்டிப் பார்த்தான். சரிதா ஸ்கூட்டர் அருகில், ஹெல்மெட்டை இடது கையில் வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் பார்க்காமல் நின்றிருந்தாள். மஞ்சு அவள் முழங்கால் வரை வந்திருந்தது.

அவன் வெளியே வந்து, ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, பையைத் தோளில் மாட்டி, சரிவில் இறங்கினான். நான் கதவைச் சாத்திப் பூட்டினேன்.