பதினொரு வளைவு

1

இந்தக் கதை களவெடுத்தது. லண்டன் ஹரோவில், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு வாசலில் பேரனுக்காகக் காத்து நின்ற சிவமலர் அக்கா சொன்னது. "தம்பி, இதை எழுதிப்போடாதையும்" என்றும் சொன்னார். "சீச்சீ, எழுதுவனே அக்கா?" என்றேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். (என் மனச்சாட்சி அவ்வளவு தூரம்தான் நடக்கும்.)

2

முதல் தொடக்கம்: 'ஜாவாவின் மூடுபனிக்குள் ஒரு கொல்லன் இரும்பைக் காய்ச்சி—'

விட்டுவிட்டேன். நான் ஜாவாவுக்குப் போனதில்லை.

இரண்டாவது: 'பாலேந்திராவின் வரவேற்பறையில் ஒரு கிரிஸ் தொங்கியது.' இது பரவாயில்லை. கிரிஸ் என்பது இந்தோனேசியக் குத்துவாள். அலகு நெளிந்து நெளிந்து போகும். பாலேந்திராவின் தகப்பனார் மலாயா ரயில்வேயில் கிளாக்கராக இருந்தபோது, ஜாவா இளவரசர் ஒருவர் பரிசளித்தாராம்.*

* இளவரசருக்கு ஏன் ரயில்வேக் கிளாக்கரைத் தேடிவந்து கத்தி கொடுக்கும் வேலை என்று நீங்கள் கேட்கலாம். மலாயாப் பென்சன்காரரிடம் யாழ்ப்பாணத்தில் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

எண்பத்தாறில் பாலேந்திரா லண்டனுக்கு அகதியாக வந்தபோது சூட்கேசில் உடுத்த இரண்டு சேட்டும் அந்தக் கத்தியும்தான் இருந்தன. தகப்பனின் செத்தவீட்டுக்கு அவரால் போக முடியவில்லை. இந்த இடத்தில் மட்டும் கிண்டலை நிறுத்துகிறேன்.

3

அவர் மனைவி சிவமலருக்கு மட்டும் தெரிந்த விஷயம்: சுவரில் இருப்பது அந்தக் கத்தி அல்ல. (கதைக்குள் வந்துவிட்டால் அக்காவும் 'அவள்'தான்.) தொண்ணூற்றொன்பதில் தோர்ண்டன் ஹீத்திலிருந்து ஹரோவுக்கு வீடு மாறியபோது, பழைய சட்டிபானைப் பெட்டியோடு அதையும் கவனியாமல், பழைய சாமான் விற்றுத் தருமம் செய்கிற சரிற்றிக் கடைக்குக் கொடுத்துவிட்டாள். பிறகு மூன்று கிழமை சந்தை சந்தையாக அலைந்து, அதே சாயலில் இன்னொன்றைத் தேடிப்பிடித்து மாட்டினாள்.

"இப்பதான் வீடு மாதிரி இருக்கு," என்றார் பாலேந்திரா. அன்றிலிருந்து வரும் விருந்தாளிகளுக்கெல்லாம் அதைக் காட்டி இளவரசர் கதை சொல்கிறார். ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை.

4

சம்பந்தி ஜீவரத்தினம், "உது பாலியிலை ரூரிஸ்ற்றுக்கு விக்கிற சாமான்" என்று சொல்லித் தொலைத்தார். பாலேந்திராவுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. நிபுணர் ஒருவரைக் கூப்பிட்டார்.

நிபுணரை முதலில் வெள்ளைக்காரராக எழுதினேன். ஆங்கிலத்தில் பொய் சொன்னால் சிவமலருக்குப் பொய் சொன்னமாதிரியே இருப்பதில்லை. ஆகவே அவரை வெட்டிவிட்டு, வால்தம்ஸ்டோவில் பிறந்து ஏலக் கம்பெனியில் வேலை செய்யும் தாரகாவைக் கொண்டுவந்தேன். அவள் "அன்ரி" என்று கூப்பிடுவாள்.

5

சிவமலர் பொரித்துவைத்த ரோல்ஸைத் தாரகா தொடவில்லை. ரோச் லைற்றைச் சரித்துப் பிடித்து அலகைப் பார்த்தாள். போலி செய்கிறவர்கள் அமிலத்தால் வரிகளை மேலோட்டமாக அரிப்பார்கள். இதில் வரிகள் இரும்புக்குள்ளேயே ஓடின. தேசிக்காய்ப் புளியில் தலைமுறை தலைமுறையாகத் துலக்கி விளிம்பு தேய்ந்திருந்தது.

சிவமலர் ரோல்ஸ் தட்டை இன்னொருதரம் நகர்த்திவைத்தாள். போலியென்றால் மாமனார் பொய்யர். அசலென்றால் அவளுடைய பொய்க்குச் சான்றிதழ் வரும்.

"அங்கிள், இது ஃபேக் இல்லை. இருநூறு வருசமாவது இருக்கும்."

பாலேந்திரா அழுதுவிட்டார். பிறகு துள்ளியெழும்பி, ஆதாரத்துக்கு ஆதாரமாக, செத்தவீட்டுக்குப் பிறகு ஊரிலிருந்து வந்த தகப்பனின் பழைய குறிப்புக் கொப்பியையும் கொண்டுவந்து கொடுத்தார். (கொப்பி என் கற்பனை அல்ல. நான் அவ்வளவு கொடுமைக்காரனில்லை.)

தாரகா வாசித்தாள். கத்தியைப் பார்த்து எண்ணினாள். இன்னொருமுறை எண்ணினாள்.

"அங்கிள், இதிலை ஒன்பது வளைவு எண்டு எழுதியிருக்கு. கத்தியிலை பதினொண்டு."

"அப்பா பிழையா எண்ணியிருப்பார்," என்றார், முப்பது வருடம் டிக்கெட் எண்ணியவரின் மகன். பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "நீதானே துடைக்கிறனி. முந்தியும் பதினொண்டுதானே, சிவமலர்?"

6

அக்கா இந்த இடத்துக்கு வந்தபோது வகுப்பு விட்டுப் பேரன் வந்துவிட்டான், மிச்சம் எனக்குத் தெரியாது. சிவமலர் 'ஓம்' என்று தலையாட்டுவதாக எழுதிப் பார்த்தேன். சான்றிதழ் வந்தது, சம்பந்தி வாயை மூடினார், செத்தவீட்டுக்குப் போகாத மகன் தகப்பனைக் கணக்குத் தெரியாதவராக்கிவிட்டுச் சந்தோசமாக இருந்தார். எனக்கு வயிறு எரிந்தது.

'இல்லை' என்று எழுதினேன். கண்ணீர் இன்னும் காயாத அந்த மனிதர்—

அதையும் அடித்தேன். அவருக்கு முதலே எல்லாம் தெரியும் என்றொரு முடிவும் உண்டு. உங்களுக்கும் அது தோன்றியிருக்கும்; வெட்கமாக இல்லையா?

நாலு மாதமாக மூவரையும் இப்படியே உட்காரவைத்திருக்கிறேன். சிவமலரை எனக்குப் பிடிக்கும், அதனால் என்னால் ஏலாது. உங்களுக்கு அவளைத் தெரியாது, நீங்கள் எழுதுங்கள். ஒரே ஒரு சொல்தான். கொஞ்சம் கெதியாக எழுதினால் நல்லது. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். முகம் மாறத் தொடங்கிவிட்டது.