மூடிமேல் தணல்

மூங்கிலைப் பற்றி இஸ்ஸதீன் பேசத் தொடங்கினால் நுரைச்சோலையில் பாதிப் பேருக்குச் சிரிப்பு வரும்; மீதிப் பேர் அவருடைய மனைவி ஹிதாயாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொள்வார்கள்.

வெங்காயம் விளைந்துகொண்டிருந்த அரை ஏக்கரில் ஹிதாயா மூங்கில் நட்டு நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. வெட்ட வெட்டத் தழைக்கும் பயிர் அது. தடிகளைக் காயவைத்துத் தூளாக்கிப் புத்தளத்தில் றிஸ்மினின் பட்டறையில் அழுத்தி எடுத்தால், அரை விரல் நீளத்தில் எரிபொருள் கட்டிகள் உதிரும். பட்டறையில் அவற்றைப் பெலட் என்றார்கள். இஸ்ஸதீன் கோழித்தீன் என்றார்.

“அங்கால கரண்ட் நிலையத்துக்குக் கப்பல் கப்பலா நிலக்கரி வருது. நீ ஒரு மூட்டை கொண்டு போய்க் குடு புள்ள, கப்பலத் திருப்பி அனுப்பிருவாங்க.”

“அனுப்புவாங்கதான். நீங்க கரையில நிண்டு கை காட்டுங்க.”

கேலிக்கு அடியில் ஒரு தீர்மானமும் இருந்தது. அடுத்த வெங்காய நடுகைக்குள் நிலையாக வாங்கும் ஆள் கிடைக்காவிட்டால், மூங்கிலை வேரோடு கிளப்பிவிடுவது என்று இஸ்ஸதீன் சொல்லியிருந்தார். ஹிதாயாவும் ஒப்புக்கொண்டிருந்தார். ஒப்புக்கொண்டதை மாற்றுவது அவருடைய வழக்கமன்று. ஆகவே அவருக்கு உறக்கம் குறைந்திருந்தது.

அவர் கண் வைத்திருந்த ஆள் சமையற்காரர் அபூசாலி. கற்பிட்டியிலிருந்து புத்தளம் வரை கலியாண வீடுகளின் புரியாணி அவர் கையால்தான் இறங்கும். விறகுப் புகையால் கண் எரிந்து சலித்திருந்த மனிதர், நெடுநாள் யோசித்துவிட்டு, ஹிதாயாவின் தம்பி மஹ்ரூபுடைய மகள் ஷிஹாராவின் கலியாணத்தில் பெலட்டைப் பரீட்சித்துப் பார்க்கச் சம்மதித்தார்.

“சரியா வந்தா, இனி எல்லாக் கலியாணத்துக்கும் உங்கட்டத்தான் எடுப்பன். பிழைச்சா என்ட பேரும் போகும், உங்கட மூங்கிலும் போகும். ஓமா தங்கச்சி?”

“ஓம் நானா.”

கலியாணத்தன்று காலை, றிஸ்மின் கொடுத்த விசிறி அடுப்புகள் மஹ்ரூபின் பின்வளவில் புகையில்லாமல் எரிந்தன. அபூசாலி கண்ணைக் கசக்காமலே இறைச்சி வதக்கினார். மறந்துபோய் இரண்டு தடவை கசக்கப் போய்க் கையை எடுத்துக்கொண்டார். ஹிதாயா அதைக் கவனித்தும் கவனியாதவர்போல நின்றார்.

இறைச்சியும் அரிசியும் கிடாரத்தில் அடுக்கப்பட்டன. மூடியின் விளிம்பு மாவால் ஒட்டப்பட்டது. தம் போடும் நேரம். அபூசாலி பின்பக்கம் திரும்பாமலே மண்வெட்டியை நீட்டினார்.

“தணல் போடுங்க.”

எவரும் போடவில்லை. விறகடுப்பில் மூடிமேல் பரப்பும் தணலைப் பற்றி யாரும் தனியாக நினைப்பதில்லை. விறகு எரிந்தால் அது தானாகக் கிடக்கும். ஹிதாயா பெலட் எரிந்து தீர்ந்த அடுப்பொன்றைக் கவிழ்த்தார். மணப்பெண் பூசுகிற பவுடர் போல வெள்ளைச் சாம்பல் கொட்டியது.

“இதால பாத்திரம் விளக்கலாம் தங்கச்சி,” என்றார் அபூசாலி. “தம் போடேலாது. தேங்காய்ச் சிரட்டையாவது ஈக்குதா?”

“நேத்துத்தான் எல்லாத்தையும் கரி ஆலைக்குக் குடுத்தன்,” என்றார் மஹ்ரூப்.

இஸ்ஸதீனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. வேலிக்கு அப்பால் தங்கள் மூங்கில் தோட்டத்தில், பட்டறை இயந்திரம் அரைக்க மறுத்துத் திரும்பி வந்த தடித்த அடிக்கட்டைகளின் குவியலைக் காட்டினார். “அந்தா கிடக்கு, மெசினே துப்பின மூங்கில். அதையும் எரிச்சுப் பாருங்களன்.”

“எரிக்கத்தான் போறன்,” என்றார் ஹிதாயா. “தள்ளுவண்டியில ஏத்திக்கொண்டு வாங்க.”

சொன்னவரே சுமக்க நேர்ந்தது. காய்ந்த கட்டைகள் தென்னம்பாளை நெருப்பில் நன்றாகப் பிடித்தன. அவசரத்தில் அவற்றைப் பிளக்க யாருக்கும் தோன்றவில்லை. கணுக்களுக்கிடையே அடைபட்டிருந்த காற்றுக்கு அவகாசம் தேவைப்படவில்லை.

டமார்! டமார்! டமார்!

“மாப்பிள்ளை வந்துட்டாரு! வெடி கொளுத்துறாங்க!” என்று முன்வளவில் யாரோ கத்தினார்கள். பெண்கள் சர்பத் தட்டோடு ஓடினார்கள். மஹ்ரூப் பன்னீர்ச் செம்பைப் பறித்துக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்து, கண்ணை மூடியபடி “பிஸ்மில்லாஹ்!” என்று தெளித்தார். முச்சக்கர வண்டியில் பாட்டுப் போட்டு ரொட்டி விற்க வந்த பாண்காரர் முழுக்க நனைந்தார்.

“முதலாளி,” என்றார் அவர், முகத்தைத் துடைத்துக்கொண்டே, “நான் ஏற்கனவே கலியாணம் முடிச்சவன்.”

பின்வளவில் ஹிதாயா சிரிக்கவில்லை. நீண்ட இரும்புக் கம்பியால், வெடித்துப் பிளந்த கட்டைகளைச் சீராக அடுக்கிக்கொண்டிருந்தார். வெடிச்சத்தம் அடங்கியதும் கீழே கிடந்ததைப் பார்த்து அபூசாலி குனிந்தார். கனத்த, நின்று எரியும் சிவப்புத் தணல். மண்வெட்டியால் அள்ளி மூடிமேல் பரப்பினார்.

அன்று மாப்பிள்ளை தாமதமாக வந்ததால் தம் முடிய நேரம் கிடைத்தது; ஹிதாயா தன் வாழ்நாளில் மன்னித்த ஒரே தாமதம் அதுதான். மூடியைத் திறந்தபோது சோறு உதிரி உதிரியாக நின்றது. சஹன் என்ற பெருந்தட்டைச் சுற்றி அமர்ந்தவர்கள் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார்கள். பாண்காரரும் ஒரு சஹனில் இருந்தார், உலர்ந்துவிட்டார்.

கைகழுவிவிட்டு அபூசாலி வந்தார். இஸ்ஸதீனும் நெருங்கி வந்து காது கொடுத்தார்.

“தங்கச்சி, அடியில உங்கட பெலட். மேலுக்கு உங்கட கட்டை. ரெண்டும் வேணும், அடுத்த கலியாணத்துலயிருந்து. ஆனா ஒரு நிபந்தனை. கட்டையப் பிளந்துதான் அனுப்பணும். எனக்கு வயசாகிட்டு, நெஞ்சு தாங்காது.”

“பிளந்தே வரும் நானா.”

அவர் போனபின் இஸ்ஸதீன் வேலிப் பக்கம் திரும்பினார்.

“அப்ப மூங்கில் நிக்கட்டும்.”

“நிக்கட்டும்.”

“அவ்வளவு கட்டையையும் ஆர் பிளக்கிறது?”

ஹிதாயா அவரை மேலும் கீழும் பார்த்தார். கோடரி எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொன்னார்.

“வெங்காயம் போட்டிருந்தா இந்த வேலை வந்திருக்காது,” என்று முனகினார் இஸ்ஸதீன்.

“ஓம், வந்திருக்காது. வெங்காயம் வெட்டினா நீங்க அழுவீங்க. இதுக்கு வேர்த்தாப் போதும்.”